எல்லை தாண்டாத சாறு

அம்மாவுக்கு வயிற்றில் குழாய் வைக்க நாள் குறித்தபோது மருத்துவமனையில் என்னிடம் ஒரு பையைக் கொடுத்தார்கள். அதில் பஞ்சு, பிளாஸ்திரி, மாதிரிக்கு ஒரு டின் பால்மாவு, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு இரண்டு இருந்தன. குழாய் வைத்த பிறகு சாப்பாடு அந்தச் சிரிஞ்சு வழியாகத்தான் போகும். வீட்டில் தண்ணீரை இழுத்து மெதுவாகத் தள்ளிப் பழகிக்கொள்ளச் சொன்னார் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ். பழகினேன். ஆனால் அம்மாவுக்கு உணவு என்று அதில் நான் முதன்முதலாக இழுத்தது பால் இல்லை. நெருப்பில் வாட்டிய ஆட்டுத் தொடையிலிருந்து தட்டில் வடிந்த சாறு.

அம்மாவுக்கு நரம்பு நோய். முதலில் கையிலிருந்து கரண்டி நழுவியது. பிறகு பேச்சு குழறியது. பிறகு விழுங்குவது சிரமமானது. மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் சாப்பாட்டிலிருந்து எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று யோசித்தேன். முறுக்கு முதலில் போனது. அடுத்து சோறும் சப்பாத்தியும், பிறகு இட்லி, கடைசியில் வெறும் தண்ணீர். எல்லாவற்றையும்விட தண்ணீர்தான் ஆபத்து என்றார் விழுங்கும் பயிற்சி கொடுக்கும் பெண். தொண்டை தயாராவதற்குள் அது மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடுமாம். அதனால் காப்பி, சூப் எதுவானாலும் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் தேன் போல இறங்க வேண்டும். ஒழுகினால் தவறு, கட்டியாக விழுந்தாலும் தவறு. எண்ணெய் மிதக்கவே கூடாது. நெஞ்சுக்குள் போன எண்ணெய் சுலபத்தில் வெளியே வராது. நாக்கும் தொண்டையும் பலம் இழந்தாலும் ருசி மட்டும் அப்படியே இருக்கும் என்றும் அவர் சொன்னார். அதை ஆறுதலாகச் சொன்னாரா, தகவலாகச் சொன்னாரா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தகவலாக எடுத்துக்கொண்டேன்.

கொழுப்பு எனக்குத் தொழில். ஆயர் குரோவில் ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எந்தச் சூட்டில் உருகுகிறது, எந்தக் குளிரில் உறைகிறது, எத்தனை நாளில் சிக்கு வாடை அடிக்கிறது என்று பார்ப்பதுதான் என் நாள். அந்த மாதங்களில் காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, தங்கா பத்துவிலிருந்து காரோட்டிப் போவேன். யாராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "ஓக்கேலா" என்பேன். அது பொய்யில்லை. துக்கம் இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எப்போதும் தெரிந்திருந்தது.

ஒருநாள் கேண்டீனில் எதிரில் இருந்த தோழி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு உறைக்கலையாடி? எனக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது."

அப்போதுதான் தட்டைக் குனிந்து பார்த்தேன். மிளகாய்ச் சம்பல் சிவப்பாக இருந்தது. பாதிக்கு மேல் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

குழாய் வைக்கும் நாளுக்குச் சில வாரங்கள் இருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். "குழாய் வெச்சிட்டா வாயால ஒன்னும் குடுக்கக் கூடாதாம்மா. பிறகு பாத்துட்டுதான் சொல்வாங்களாம். அதுக்கு முன்னாடி உனக்கு என்ன வேணும், சொல்லு."

ஐஸ்கிரீம் என்பாள், அல்லது காப்பி என்பாள் என்று நினைத்திருந்தேன். இரண்டுக்கும் வழி யோசித்து வைத்திருந்தேன். அம்மா "தட்டு" என்றாள். வேறு யாருக்கும் அது என்னவென்று விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. யோசித்து வைத்திருந்த இரண்டு வழியும் அதோடு உபயோகமில்லாமல் போயின.

கோலா சுங்கை பாருவுக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தோட்டத்தில்தான் அம்மா பிறந்தாள். இப்போது அங்கே எங்களவர் யாரும் இல்லை. லயத்து வீடுகளை இடித்து, எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள். அதற்காக எங்கள் வீட்டில் யாரும் வருந்தியதும் இல்லை. "கக்கூஸுக்கு வரிசையில நின்ன எடம்" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவாள். ஆனால் முனியாண்டி கோயில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தகரக் கூரை, மூன்று கல், ஒரு அரிவாள். வருஷத்துக்கு ஒரு நாள், தாமான் குடியிருப்புகளில் சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் காரில் போய் ஆடு வெட்டிப் படையல் போட்டுவிட்டு வருவோம்.

அந்தப் படையலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பூசாரி காலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம் வைத்து எல்லை கட்டுவார். கட்டிய பிறகு யாரும் உள்ளே வரக் கூடாது, வெளியே போகவும் கூடாது. வெட்டிய ஆட்டில் ஒரு துண்டுகூட எல்லையைத் தாண்டக் கூடாது. சாப்பிட்டது போக மிஞ்சியதை, எலும்பும் இலையும் உட்பட, அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் எல்லையை அவிழ்ப்பார்கள்.

என் தாய்மாமாதான் பூசாரி. அம்மாவின் தம்பி. பழைய பூசாரி போன பிறகு வேறு யாரும் முன்வராததால் மாமா வந்தார். மற்ற நாளில் அவர் வெல்டர். முன்பெல்லாம் ஆட்டைக் குழம்புதான் வைப்பார்கள். மாமா ஒரு வருஷம் இரும்பு டிரம்மை நீளவாக்கில் பிளந்து, கீல் வைத்து, கால் வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கரியை இரண்டு ஓரத்திலும் ஒதுக்குவார். நடுவில் பெரிய தகரத் தட்டு. அதில் சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, கொஞ்சம் தண்ணீர். தட்டுக்கு மேலே கம்பித் தட்டியில் மிளகும் பூண்டும் கிச்சாப் என்கிற சோயா சாஸும் தடவிய தொடைகள். மூடி போட்டுவிட்டால் பிறகு திறக்க விடமாட்டார். "சாமிக்கே பார்பக்யூவா?" என்று முதல் வருஷம் சிரித்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து யாரும் குழம்பைப் பற்றிப் பேசவில்லை.

கறி ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். எல்லோரும் காத்திருப்பது அந்தத் தட்டுக்கு. தொடையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிய சாறு வெங்காயத்தோடு கலந்து பழுப்பாகி, அதன்மேல் கொழுப்பு ஒரு விரல் அளவுக்கு மிதக்கும். ஓரங்களில் கருகாமல் ஒட்டியிருக்கும் படிவுதான் அதன் சத்தெல்லாம். எடுத்துப் போக முடியாது, புதைக்கவும் மனம் வராது. அதனால் கடைசியில் சுடுசோற்றை அந்தத் தட்டிலேயே கொட்டிப் பிசைந்து தீர்ப்பார்கள். அது அம்மாவின் வேலை. கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி விட்டு, கல் உப்பு போட்டு, உருட்டி, நீட்டுகிற கைகளில் வைத்துக்கொண்டே போவாள். கை பொறுக்காத சூட்டில் உருட்ட வேண்டும். ஆறினால் ஆட்டுக்கொழுப்பு மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அம்மா கேட்டது இதைத்தான். சோறு முடியாது. கிழங்கு முடியாது. சாறு முடியும், கொழுப்பை முழுசாக எடுத்துவிட்டால்.

மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், பக்கத்தில் அத்தை.

"மாமா, தட்டுல இருக்கிற சாறு கொஞ்சம், ஒரு சின்ன போத்தல், வீட்டுக்குக் கொண்டுட்டுப் போகலாமா? அம்மாவுக்கு."

மாமா வாய் திறப்பதற்குள் அத்தை, "தாராளமா கொண்டு போ. கறிதானே எல்லை தாண்டக் கூடாது. சாறு என்ன, தண்ணிதானேலா" என்றார்.

"ஆட்டுலேர்ந்து வந்தா அது ஆடுதான்" என்றார் மாமா.

"போன வருஷம் சட்டை பூரா கொழுப்போட வீட்டுக்கு வந்தீங்களே, அது?"

"அது கறை."

"கறை மட்டும் ஆட்டுலேர்ந்து வரலையாக்கும். நான்தான் தொவைச்சேன். மூனு தண்ணி விட்டேன்."

மாமா ஸ்பீக்கரை அணைத்தார். பிறகு என்னிடம், "பாப்பா, நான் கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துடுவேன். ஒங்கம்மா ஒத்துக்குவாங்களா கேளு" என்றார்.

கேட்டேன். அம்மா தலையை அசைத்தாள். அவளால் பெரிதாக அசைக்க முடியாது, ஆனாலும் அது வேண்டாம்தான். ருசி வேண்டும், அதை அங்கே வைத்து வேண்டும். சட்டத்தை மீறிக் கொண்டு வந்தால் விழுங்க மாட்டாள். அம்மா அப்படித்தான். தட்டில் மிச்சமிருந்த கொழுப்பைப் பால்டினில் அடைத்துக்கொண்டு போகப் பார்த்த ஒருவரை எல்லோர் எதிரிலும் திட்டித் திருப்பிக் கொட்ட வைத்தவள்.

ஆக, அம்மாவை அங்கே கொண்டுபோக வேண்டும். இடையில் ஒரு கால்வாய் இருந்தது. இரவில் வந்து செம்பனைக் குலைகளைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று தோட்ட நிர்வாகம் கோயிலுக்கு இந்தப் பக்கமாக ஆழமாக ஒரு கால்வாய் வெட்டிவிட்டது. அதன்மேல் மோட்டார்சைக்கிள் போகிற அளவுக்கு ஒரு பலகை. கார் போகாது. சக்கர நாற்காலியும் போகாது. "நாலு பேரு தூக்கிட்டுப் போயிடுவோம்" என்றார் மாமா. அம்மாவின் கழுத்து நிற்பதில்லை, பலகையில் ஒருவர் கால் வழுக்கினால் போதும், வேண்டாம் என்றேன். காரிலேயே வைத்துக்கொண்டு கால்வாய்க்கு இந்தப் பக்கம் நிற்கலாம். ஆனால் கால்வாய் வெட்டிய நாளிலிருந்து அதுதான் எல்லை. கார் நிற்பது எல்லைக்கு வெளியே.

இதைச் சொன்னதும் மாமா, "நீ காலையிலேயே வந்துடு. நான் எல்லை கட்டுறதுக்குள்ள" என்று மட்டும் சொன்னார்.

"நடுவுல அம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அப்ப நானே எலுமிச்சம்பழத்த வெட்டித் தொறந்து விடறேன். ஆளு சாகறதப் பாத்துட்டு ஒக்காந்திருக்கிற சாமி இல்ல அது."

கொழுப்பு நீக்குவதைக் கோழியில் ஒத்திகை பார்த்தேன். கடையில் முழுக்கோழி வாங்கி, அதே மாதிரி தட்டு வைத்து, ஓவனில் வாட்டினேன். வடிந்த சாற்றை உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தால் கொழுப்பு மேலே வந்துவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் அது உறைந்து தட்டையாக வரும், எடுத்து எறிவது சுலபம். தோட்டத்தில் குளிர்பெட்டி இல்லை. பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தொங்கவிட்டு, கீழ் மூலையை வெட்டிச் சாற்றை மட்டும் இறக்கிப் பார்த்தேன். கடைசியில் கொழுப்பும் சேர்ந்து விழுந்தது. அப்போதுதான் சிரிஞ்சு ஞாபகம் வந்தது. நுனியில் உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகி, டம்ளரின் அடிக்கு விட்டு, மெதுவாக இழுத்தேன். கொழுப்பு மேலேயே இருந்தது, சாறு மட்டும் வந்தது. வேலை செய்தது.

பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். மூன்று கரண்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தாழ்த்தி. இருமினாலோ குரல் ஈரமாகக் கேட்டாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும் என்று பதில் வந்தது.

ஒத்திகை முடிந்தபோது வீட்டில் இரண்டு போத்தல் கோழிக்கொழுப்பு சேர்ந்துவிட்டது. கொட்ட மனம் வரவில்லை. கொட்டினால் கழிவுநீர்க் குழாயில் உறையும். ஒரு நாள் அதில் வெங்காயம் வதக்கிப் பழைய சோற்றைப் பிரட்டினேன். ஒரு நாள் உருளைக்கிழங்கை வேகவைத்து உடைத்து அதிலேயே முறுகவிட்டேன். ஒரு நாள் பருப்புக்குத் தாளித்தேன். அடியில் தங்கியிருந்த சாறு உறைந்து பழுப்பு ஜெல்லியாக இருந்தது, அதை மீ நூடுல்ஸ் சூப்பில் போட்டேன். எல்லாவற்றையும் டிஃபனில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

"என்னடி போடறே இதுல? மூனாவது மேசை வரைக்கும் வாசம் வருது" என்று தோழி பாதியைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கோழிக்கொழுப்பு."

"அய்யோ, எடை கூடும்" என்றாள். சொல்லிக்கொண்டே மிச்சப் பாதியையும் எடுத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. கெட்டுப்போகவில்லை, சிக்கு வாடை இல்லை, அவ்வளவுதான் எனக்கு அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தது.

படையல் நாளன்று வெயில் ஏறுவதற்குமுன் கிளம்பினோம். கெட்டியாக்கும் பொடி, டம்ளர், சிரிஞ்சு, கரண்டி, பேம்பர்ஸ், கழுத்துப் பட்டை, கெட்டியாகக் கலக்கிய பால், ஈரத்துணி. அம்மா முன்சீட்டில் சாய்ந்திருந்தாள். போன தீபாவளிச் சேலையை உடுத்திவிடச் சொல்லியிருந்தாள். கால்வாய்க்கு இந்தப் பக்கம் செம்மண் பாதையில் நிழல் பார்த்து நிறுத்தி, கோயிலைப் பார்க்கிற மாதிரி காரைத் திருப்பி வைத்தேன்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் மஞ்சள் தண்ணீர் வாளியும் இன்னொரு கையில் வேப்பிலைக் கொத்துமாகக் கோயிலிலிருந்து புறப்பட்டார். பின்னாலேயே அத்தை எலுமிச்சம்பழத் தட்டோடு. வழக்கமாகக் கால்வாயின் உள்கரையோடு நடப்பார்கள். மாமா பலகைமீது ஏறி இந்தப் பக்கம் வந்தார். தெளித்துக்கொண்டே என் காரின் பின்பக்கமாகப் போனார். நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்.

அந்தக் கரையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். "டேய், அங்க என்னாடா பண்றே? கால்வாதானே எல்லை?"

"கால்வாய கம்பெனிகாரன் வெட்டினான் பெரியப்பா. சாமி வெட்டலை."

"அதுக்குன்னு காரச் சுத்தியா கட்டுவே? நாளைக்கு ஒவ்வொருத்தனும் வீட்டு வாசல் வரைக்கும் கட்டச் சொல்வான்."

"கட்டச் சொன்னா கட்டறேன். நடக்கிறது நான்தானே" என்று மாமா தெளித்துக்கொண்டே போனார்.

அத்தை கார் கண்ணாடி பக்கத்தில் குனிந்து அம்மாவிடம், "பாத்தீங்களா அண்ணி, ஒங்க தம்பி எல்லையவே வெல்டிங் பண்ணி நீட்டிட்டாரு" என்றார். அம்மாவின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. இருமலோ என்று நான் சட்டென்று திரும்பினேன். சிரிப்புதான்.

நான் எல்லா வழியையும் யோசித்திருந்தேன். தூக்குவது, பலகை போடுவது, தள்ளுவண்டி வாடகைக்கு எடுப்பது. எல்லையை நகர்த்துவது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு காத்திருந்தோம். ஆடு வெட்டும்போது நான் எப்போதும்போல வேறு பக்கம் பார்த்தேன். அம்மா பார்த்தாள். கரி பிடித்தது, தொடைகள் ஏறின, மூடி விழுந்தது. வெயில் நகர நகர நான் காரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன், எலுமிச்சம்பழத்தைத் தாண்டாமல். ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கெட்டிப் பால் கொடுத்தேன். ஒரு தடவை பேம்பர்ஸ் மாற்றினேன், அத்தை சேலையால் மறைத்துப் பிடித்தார். அம்மா களைத்துப்போனாள். தலை ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. "போயிடலாமாம்மா? மாமா தொறந்து விடுவாரு" என்று கேட்டேன். அவள் டிரம்மையே பார்த்தாள். காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது அவள் மூக்கு விரிந்தது. நான் ஏர்கானை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன்.

மூடியைத் திறந்ததும் மாமா முதல் வேலையாகத் தட்டிலிருந்து ஒரு கரண்டிச் சாற்றை மொண்டு எடுத்து, கோயில் படியில் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தை என் டம்ளரில் ஊற்றினார். இன்னும் இரண்டு கரண்டி. நான் பலகையைத் தாண்டி காருக்கு வந்து, டம்ளரை டேஷ்போர்டில் வைத்துக் காத்திருந்தேன். கொழுப்பு மேலே வந்தது. கோழிக்கொழுப்பைவிடக் கனமான மஞ்சள். அது உறையும் அளவுக்கு ஆறிவிடக் கூடாது, வாய் சுடும் அளவுக்குச் சூடாகவும் இருக்கக் கூடாது. குழல் செருகிய சிரிஞ்சை அடிக்கு விட்டு இழுத்தேன். பழுப்பாக, தெளிவாக, ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லாமல் வந்தது. ஆய்வுக்கூடத்தில் எடுத்த எந்த மாதிரியும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. கிண்ணத்தில் தள்ளி, பொடி கலந்து, கரண்டியைச் சாய்த்துப் பார்த்தேன். தேன் மாதிரி இறங்கியது.

அம்மாவின் கழுத்துப் பட்டையைக் கழற்றி, சீட்டை நிமிர்த்தி, தாடையை என் விரலால் தாழ்த்தினேன். முதல் கரண்டி. நாக்கு மெதுவாக அசைந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. காத்திருந்தேன். "ஆ சொல்லும்மா" என்றேன். "ஆ" என்றாள். குரல் காய்ந்திருந்தது. சரி. இரண்டாவது கரண்டி. அதை அவள் உடனே விழுங்கவில்லை. கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்தாள். வெளியே மாமா கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு விழுங்கினாள். "ஆ" சொன்னாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள்.

"கூடிப்போச்சா?"

"கொற."

நான் மாமாவிடம் சொன்னேன். மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தார். தட்டில் யாருமே உப்புப் போடவில்லை. கறிக்குக் கிச்சாப் தடவியதோடு சரி. தட்டுக்கு உப்புப் போடுவது அம்மாவின் கை.

"எந்த வருஷம்தான் நான் செஞ்சது ஒங்களுக்குச் சரியா இருந்துச்சு?" என்றார் மாமா. சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அத்தை கல் உப்பு டப்பாவைக் கொண்டுவந்தார். நான் உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். "இன்னும்" என்றாள். இன்னும் கொஞ்சம் போட்டேன். அவள் பார்வை என் கையிலேயே இருந்தது. மறுபடி போட்டேன். கண்ணைத் தாழ்த்தினாள். போதும். அந்தக் கையை மூடிக்கொண்டு கால்வாயைத் தாண்டிப் போய்த் தட்டில் போட்டேன். ஒரு சிட்டிகையை மட்டும் அம்மாவின் கிண்ணத்துக்கு வைத்திருந்தேன். மூன்றாவது கரண்டியை அதைக் கலந்து கொடுத்தேன். விழுங்கினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான்காவது கரண்டிக்கு வாயைத் திறந்தாள். நான் கிண்ணத்தை மூடினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

டம்ளரில் தங்கிய கொழுப்பை மறுபடி தட்டில் ஊற்றினேன். அத்தை சுடுசோற்றைக் கொட்டினார். "நீயே பெசை" என்றார். பிசைந்தேன். ஓரத்தைச் சுரண்டினேன். கை சுட்டது. உருட்டி ஒவ்வொரு கையிலும் வைத்தேன். கால்வாய்தான் எல்லை என்ற பெரியவரும் கை நீட்டினார். வாயில் போட்டுவிட்டு, "ம்" என்றார், இன்னொன்றுக்கு நீட்டினார். கடைசி உருண்டையை நான் சாப்பிட்டேன். சூடு தெரிந்தது, வழுவழுப்பு தெரிந்தது, பிறகு ஆறிக் கொழுப்பு அண்ணத்தில் ஒட்டியது தெரிந்தது. உப்புச் சரியாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் சரியாக இருக்கிறது என்றார்கள்.

எலும்பையும் இலையையும் புதைத்தார்கள். சிரிஞ்சின் உள்ளே கொழுப்பு ஒரு மெல்லிய வெள்ளை வளையமாக உறைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தேநீர் கெட்டிலிலிருந்து சுடுதண்ணீர் வாங்கி, இழுத்து, குழியில் தள்ளினேன். மறுபடி இழுத்து மறுபடி தள்ளினேன், வெள்ளை போகும்வரை. மாமா காரின் பின்னால் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து நாலாகப் பிளந்து திசைக்கு ஒன்றாக எறிந்தார். நான் காரைத் திருப்பினேன். அம்மா தூங்கிவிட்டாள்.

குழாய் வைத்தது பிரச்சினை இல்லாமல் முடிந்தது. முதல் தடவை பால் கொடுக்கும்போது மிஸ்ஸி பக்கத்தில் நின்று பார்த்தார். நான் சிரிஞ்சில் இழுத்தேன், குழாயில் செருகினேன், மெதுவாகத் தள்ளினேன். "நல்லா பழகியிருக்கீங்க" என்றார் மலாயில். ஆமாம் என்றேன்.

அம்மா தலையைத் தாழ்த்தி, வெள்ளையாக ஏதோ ஒன்று தன் வயிற்றுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க? வலிக்குதா?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"உப்பு குறைவாம்."

மிஸ்ஸி டின்னைத் திருப்பிப் பார்த்தார். இதில் எல்லாமே அளவாகப் போட்டிருக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். நான் அதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுத்த சிரிஞ்சை இழுத்தேன்.